ஏ.பி. ஸ்கோரை காலேஜுக்கு அனுப்பணுமா வேணாமா: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

மே மாசம் ஏ.பி. எக்ஸாம் (அட்வான்ஸ்ட் ப்ளேஸ்மென்ட், ஹைஸ்கூல்லயே எழுதுற காலேஜ் லெவல் தேர்வு) முடிஞ்சதுலேர்ந்து நவம்பர்ல அப்ளிகேஷன் போடுற வரைக்கும் நம்மாளுங்க எங்க பாத்தாலும் இதையேதான் கேக்குறாங்க, தமிழ்ப் பள்ளி வாசல்ல, பிறந்தநாள் பார்ட்டில, தீபாவளி விழா சாப்பாட்டு வரிசைல கூட விடுறதில்ல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதி வச்சுட்டா லிங்க் அனுப்பிடலாம்னு, கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியை வச்சு பதில் எழுதியிருக்கேன். அமெரிக்கால ஹைஸ்கூல் படிக்கிற பிள்ளைங்க இருக்குற வீட்டுக்குத்தான் இது. கட்டணம், கடைசி தேதி இதெல்லாம் மாறக்கூடியது, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏ.பி. எக்ஸாம் நடத்துற காலேஜ் போர்டு சைட்ல பாத்துக்குங்க.

ஏ.பி. ஸ்கோரும் ஸ்கூல்ல ஏ.பி. கிளாஸுக்கு வர்ற கிரேடும் ஒண்ணா?

இல்ல. கிளாஸ் கிரேடு உங்க ஸ்கூல் டீச்சர் வருஷம் பூரா பாத்து போடுறது, அது டிரான்ஸ்கிரிப்ட்ல (ஸ்கூல் கொடுக்கிற கிரேடு பட்டியல்ல) வரும், ஜி.பி.ஏ.ல (கிரேடு சராசரில) சேரும். ஸ்கோர்ங்குறது மே மாசம் காலேஜ் போர்டு நடத்துற எக்ஸாமுக்கு 1லேர்ந்து 5 வரைக்கும் வர்ற மார்க், ஜூலைல வரும். கிளாஸ் படிச்சுட்டு எக்ஸாம் எழுதாம விடலாம், கிளாஸே படிக்காம எக்ஸாம் மட்டும் எழுதவும் செய்யலாம்.

காலேஜ் போர்டு கணக்குப்படி 3 வாங்கினா தகுதி இருக்குன்னு அர்த்தம், 4 நல்லா, 5 ரொம்ப நல்லா. நம்ம வீடுகள்ல 3ன்னா ஃபெயில் மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போடுறோம், அது நம்ம வியாதி, காலேஜ்காரன் எல்லாரும் அப்படிப் பாக்குறதில்ல.

ஸ்கோர் அனுப்பலேன்னா சீட் கிடைக்காதா?

இங்கதான் முக்கால்வாசி பேர் குழப்பிக்கிறாங்க. ரெண்டு விதமா ஸ்கோர் காலேஜுக்குப் போகுது. ஒண்ணு, அப்ளிகேஷன்ல பிள்ளையே டைப் பண்றது, காமன் ஆப்ல (பல காலேஜுக்கும் ஒரே ஃபார்ம்ல அப்ளை பண்ற ஆன்லைன் அப்ளிகேஷன்) டெஸ்டிங்னு ஒரு பகுதி இருக்கும், அதுல எந்த எக்ஸாம், எப்போ எழுதினது, ஸ்கோர் என்னன்னு போடலாம், இதுக்கு காசு கிடையாது, வேணும்னா போடலாம் இல்லேன்னா விடலாம். இன்னொண்ணு, காலேஜ் போர்டுலேர்ந்து நேரா காலேஜுக்குப் போற அபிஷியல் ரிப்போர்ட், இதுக்கு ஒரு காலேஜுக்கு 15 டாலர், அவசரமா போகணும்னா 25.

அப்ளிகேஷன் சமயத்துல பெரும்பாலான காலேஜுக்கு முதல் வகையே போதும், அபிஷியல் ரிப்போர்ட் சேர்ற காலேஜுக்கு மட்டும், சேர்றதுன்னு முடிவு பண்ணினப்புறம். பன்னெண்டு காலேஜுக்கு அப்ளை பண்றோம்னு பன்னெண்டுக்கும் 15 டாலர் கட்டி 180 டாலர் கொடுத்துட்டு வந்து "இப்ப என்ன பண்றது"ன்னு கேக்குறவங்க இருக்காங்க, ஒண்ணும் பண்ண முடியாது, கொடுத்தது கொடுத்ததுதான்.

இதுக்கப்புறம் வர்ற பதில்கள்ல 'போடுறது'ன்னா அப்ளிகேஷன்ல நாமே டைப் பண்றது, 'அனுப்புறது'ன்னா காலேஜ் போர்டு ரிப்போர்ட். இந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பாதி கேள்வி தானா தீந்துடும்.

ஜூன் 20க்குள்ள ஃப்ரீயா ஒரு காலேஜுக்கு அனுப்பலாம்னு வருதே, ரிசல்ட்டே ஜூலைலதான, பாக்காம எப்படி அனுப்புறது?

அந்த ஃப்ரீயோட சூட்சுமமே அதுதான். ஏ.பி. எழுதுற ஒவ்வொரு வருஷமும் ஒரு காலேஜுக்கு இலவசமா அனுப்பிக்கலாம், ஆனா ஜூன் 20 ராத்திரிக்குள்ள (கிழக்குக் கடற்கரை நேரம், கலிஃபோர்னியால இருக்குறவங்க மூணு மணி நேரம் முன்னாடியே முடிச்சுக்குங்க) காலேஜ் பேரைச் செலக்ட் பண்ணிடணும், ஸ்கோர் வந்ததும் தானா போயிடும். அந்தத் தேதி வரைக்கும் எத்தனை தடவை வேணா காலேஜை மாத்திக்கலாம்.

ட்வெல்த் கிரேட் பிள்ளைக்கு யோசிக்கவே வேண்டாம், மே 1ல டெபாசிட் கட்டின காலேஜைச் செலக்ட் பண்ணிடுங்க. அந்த ரிப்போர்ட்ல நைன்த்லேர்ந்து எழுதின எல்லா ஸ்கோரும் சேந்து போகும், தனித்தனியா அனுப்ப வேண்டியதில்ல. இதை மறந்துட்டு ஜூலைல 15 டாலர் கட்டுறவங்கதான் அதிகம்.

பொண்ணு இப்ப டென்த் கிரேட்தான், ஃப்ரீயை வீணாக்க மனசு வரலியே?

வீணாப் போகட்டும்ங்க. அடுத்த வருஷத்துக்குச் சேத்து வைக்க முடியாதுதான், ஆனா டென்த்ல அனுப்பின ரிப்போர்ட்ல அதுவரைக்கும் எழுதினது மட்டும்தான் இருக்கும், லெவன்த், ட்வெல்த் ஸ்கோர் எல்லாம் பின்னாடி தானா போய்ச் சேராது, எப்படியும் திரும்ப அனுப்பணும். அதோட டென்த்ல அனுப்புற ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு காலேஜ் ஒண்ணும் பண்ணப் போறதில்ல, அவங்ககிட்ட பொண்ணோட அப்ளிகேஷனே இல்லையே.

ஃப்ரீங்குறதுக்காகப் பெரிய பேர் இருக்குற காலேஜைக் கண்ணை மூடிட்டு செலக்ட் பண்றது மட்டும் வேண்டாம். அதுல 2 வந்தா அதுவும் சேந்துதான் போகும்.

அப்போ 4ம் 5ம் மட்டும் அனுப்பிட்டு அந்த 2ஐ விட்டுட முடியாதா? எஸ்.ஏ.டி.ல (காலேஜ் அட்மிஷனுக்கு எழுதுற பொதுத் தேர்வு) அப்படி முடியுதே?

எஸ்.ஏ.டி.ல எந்தத் தேதி எழுதினதை அனுப்புறதுன்னு நாமளே தேர்ந்தெடுக்க ஒரு வசதி இருக்கு, ஏ.பி.ல அது கிடையாது. ரிப்போர்ட்னா இதுவரைக்கும் எழுதின எல்லாமே போகும். ஒண்ணை மறைக்கணும்னா ரெண்டே வழிதான்.

முதல் வழி நிறுத்தி வைக்கிறது. ஒரு ஸ்கோரை ஒரு காலேஜுக்குப் போகாம நிறுத்த 10 டாலர், அதுக்கு ஃபார்மை பிரிண்ட் பண்ணி கையெழுத்துப் போட்டு தபால்லயோ ஃபேக்ஸ்லயோ அனுப்பணும். நம்ம அக்கவுன்ட்ல ஸ்கோர் அப்படியே இருக்கும், பின்னாடி மனசு மாறினா எழுதிக் கொடுத்து விடுவிச்சுக்கலாம். ரெண்டாவது வழி கேன்சல் பண்றது, காசு இல்ல, ஆனா ஸ்கோர் நிரந்தரமா அழிஞ்சுடும், திரும்பி வரவே வராது, எக்ஸாமுக்குக் கட்டின பணமும் வராது. அந்த வருஷத்து ஃப்ரீ ரிப்போர்ட்ல ஒரு ஸ்கோர் போகக்கூடாதுன்னா ஃபார்ம் ஜூன் 15க்குள்ள அவங்க கைக்குப் போயிருக்கணும், அதாவது ஸ்கோர் என்னன்னே தெரியாம முடிவு பண்ணணும்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பொண்ணுக்கு கால்குலஸ் பி.சி.ல (ரெண்டு கால்குலஸ் எக்ஸாம்ல பெரியது) 5, யு.எஸ். ஹிஸ்டரில 4, 'ஃபிசிக்ஸ் 1'ங்குற எக்ஸாம்ல 2ன்னு வைங்க. அஞ்சு காலேஜுக்கு அந்த 2 தெரியாம அபிஷியலா அனுப்பணும்னா நிறுத்தி வைக்க 50, அனுப்ப 75, மொத்தம் 125 டாலர். அதே பொண்ணு காமன் ஆப்ல 5ஐயும் 4ஐயும் மட்டும் போட்டா ஆகுற செலவு பூஜ்யம். இதுக்காகத்தான் மேல போடுறது வேற அனுப்புறது வேறன்னு அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

காமன் ஆப்ல 3 வாங்கினதைப் போடலாமா வேணாமா?

காலேஜைப் பொறுத்தது, பாடத்தைப் பொறுத்தது, பிள்ளை படிக்கிற ஸ்கூலைப் பொறுத்தது. 4, 5ன்னா எங்கேயும் தயங்காம போடுங்க. 1, 2ன்னா போட வேண்டிய அவசியம் இல்ல. சண்டை எல்லாம் 3லதான்.

ரொம்ப கஷ்டமா சீட் கிடைக்கிற காலேஜுக்கு, அதுவும் படிக்கப் போற பாடத்துலயே 3ன்னா, நான்னா போட மாட்டேன். எஞ்சினியரிங்னு சொல்லிட்டு கால்குலஸ்ல 3ஐக் காட்டுறதுல லாபம் இல்ல. அதே பையன் ஆர்ட் ஹிஸ்டரில 3 வாங்கியிருந்தா அதை யாரும் பெருசா எடுத்துக்கப் போறதில்ல, போட்டாலும் சரி விட்டாலும் சரி. மாநில யுனிவர்சிட்டிகள் பலதுக்கு 3ங்குறது கிரெடிட்டே (காலேஜ் கோர்ஸ் படிச்ச மாதிரி டிகிரி கணக்குல சேக்குறது) கொடுக்கிற மார்க், அங்க தாராளமா போடலாம்.

எந்த எக்ஸாம்ங்குறதும் இருக்கு. கால்குலஸ் பி.சி.ல எழுதுறவங்கல பத்துக்கு நாலு பேருக்கு மேல 5 வாங்குறாங்க, ஏன்னா அதை எழுதுறதே கணக்குல கெட்டிக்காரப் பிள்ளைங்கதான். ஃபிசிக்ஸ் 1ல 2023, 2024 ரெண்டு வருஷமும் எழுதினவங்கல பாதிப் பேர் கூட 3ஐத் தொடல. அட்மிஷன் ஆபீஸ்ல வருஷக்கணக்கா இதையே பாக்குறவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும், அதனால ஃபிசிக்ஸ் 1ல 4 வாங்கின பிள்ளை "5 வரலியே"ன்னு அதை ஒளிச்சு வைக்கிறது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஸ்கூலையும் பாருங்க, ரெண்டே ரெண்டு ஏ.பி. நடத்துற சின்ன ஊர் ஸ்கூல்லேர்ந்து வர்ற 3ஐயும், இருபத்தஞ்சு ஏ.பி. நடத்துற ஸ்கூல்லேர்ந்து வர்ற 3ஐயும் ஒரே மாதிரி படிக்க மாட்டாங்க.

கிளாஸ்ல ஏ கிரேடு, எக்ஸாம்ல 2. ஸ்கோரைப் போடாம விட்டா "ஏதோ மறைக்கிறான்"னு நினைக்க மாட்டாங்களா?

ஒண்ணு ரெண்டு விட்டா யாரும் துப்பறியப் போறதில்ல. ஒரு எக்ஸாமுக்கு நூறு டாலர் கிட்ட ஆகுது, காசு கட்ட முடியாம எழுதாத பிள்ளைங்க இருக்காங்க, அன்னிக்கு உடம்பு சரியில்லாம விட்டவங்க இருக்காங்க, அதனால ஸ்கோர் இல்லாத ஏ.பி. கிளாஸுங்குறது அவங்களுக்குச் சகஜம். ஆனா லெவன்த் முடியுறதுக்குள்ள ஆறு ஏ.பி. கிளாஸ், ஆறுலயும் ஏ, ஸ்கோர் ஒண்ணு கூட இல்லேன்னா கேள்வி வரத்தான் செய்யும். இந்த ஸ்கூல்ல கிரேடை வாரி வழங்குறாங்களோன்னு தோணும்.

அந்த நிலைமைல ஒரு 3 இருந்தாலும் அதைப் போடுறது நல்லதுன்னுதான் நான் சொல்வேன். முந்தின பதில்ல 3ஐத் தயங்கச் சொன்னது கூடவே நல்ல ஸ்கோர் நாலஞ்சு இருக்குற பிள்ளைக்கு.

எங்க ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட்லயே ஏ.பி. ஸ்கோரை அச்சடிச்சுக் கொடுக்குறாங்களே?

சில ஸ்கூல்ல அப்படிப் பண்றாங்க. ஸ்கோர் எல்லாம் ஸ்கூலுக்கும் தானா போகுது, அதை டிரான்ஸ்கிரிப்ட்ல ஒட்டிடுவாங்க. அப்படின்னா இவ்வளவு நேரம் பேசின போடலாமா வேணாமாங்குறதுக்கே அர்த்தம் இல்ல, காலேஜ் ஏற்கெனவே பாத்துடும்.

அதனால ஆகஸ்ட்ல ஸ்கூல் திறந்ததும் முதல் வேலையா கவுன்சிலர்கிட்ட டிரான்ஸ்கிரிப்ட் காப்பி ஒண்ணு வாங்கிப் பாருங்க. ஸ்கோர் இருந்தா எடுக்க முடியுமான்னு கேளுங்க, கேட்டா எடுத்துக் கொடுக்கிற ஸ்கூலும் இருக்கு, முடியாதுன்னு சொல்றதும் இருக்கு.

சில காலேஜ்ல எல்லா ஸ்கோரையும் போட்டே ஆகணும்னு கேக்குறாங்களாமே, நிஜமா?

சில இடத்துல நிஜம். யேல் 2024 பிப்ரவரில ஒரு விதி அறிவிச்சாங்க, எஸ்.ஏ.டி., அதே மாதிரி இன்னொரு தேர்வான ஏ.சி.டி., ஏ.பி., ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரேட்) நாலுல ஏதாவது ஒண்ணு கொடுத்தா போதும்னு. கேக்க நல்லா இருக்கும், ஆனா ஏ.பி.யை வச்சு அந்தத் தேவையைப் பூர்த்தி பண்றேன்னு சொன்னா அப்ளை பண்றதுக்கு முன்னாடி எழுதின எல்லா ஏ.பி.யையும் போடணும், நல்லதை மட்டும் பொறுக்க முடியாது. 5, 5, 4, 2ன்னு இருக்குற பிள்ளைக்கு எஸ்.ஏ.டி. நல்லா இருந்தா அதையே கொடுக்கிறது புத்திசாலித்தனம்.

இங்கிலாந்து காலேஜுக்கு அப்ளை பண்றவங்களுக்கு இன்னும் கறார். யூகாஸ்ங்குற பொது அப்ளிகேஷன்ல ஹைஸ்கூல் காலத்துலேர்ந்து எழுதின எல்லாத் தேர்வையும், ரிசல்ட் நல்லா இல்லாததையும் சேத்துச் சொல்லணும்னு இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரி இடங்கள்ல ஏ.பி.தான் முக்கியத் தகுதியே, 5களாவே கேப்பாங்க, சில சமயம் ட்வெல்த் மே மாசம் எழுதப் போற எக்ஸாமுக்கு இத்தனை வாங்கினாதான் சீட்டுன்னு நிபந்தனை போட்டுத்தான் இடமே தருவாங்க. அங்க ஜூலை ஸ்கோர் அபிஷியலா போயே ஆகணும்.

விதி எல்லாத்தையும் கேக்குற இடத்துல ஒண்ணை ஒளிச்சுட்டு, "நான் சொன்னது எல்லாம் உண்மை"ன்னு அப்ளிகேஷன் கடைசில பிள்ளையைக் கையெழுத்துப் போட வைக்காதீங்க. சேர்ந்தப்புறம் அபிஷியல் ரிப்போர்ட் போகும்போது எல்லாமே தெரியும்.

ட்வெல்த் கிரேட்ல எழுதுற எக்ஸாம்ல ஸ்கோர் குறைஞ்சா கொடுத்த சீட்டைத் திரும்ப எடுத்துப்பாங்களா?

அமெரிக்க காலேஜ்ல ஏ.பி. ஸ்கோரை வச்சு சீட்டை எடுக்கிறது வழக்கம் இல்ல. அட்மிஷன் முடிவு மார்ச், ஏப்ரலுக்குள்ள வந்துடுது, எக்ஸாம் மே மாசம், ஸ்கோர் ஜூலை. இங்கிலாந்து இதுக்கு விதிவிலக்கு, அதை மேலயே சொல்லிட்டேன்.

சீட் போறது கிளாஸ் கிரேடால. சீட் கிடைச்சாச்சுன்னு கடைசி செமஸ்டர்ல டி, எஃப் வாங்கினா அங்கதான் ஆபத்து. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி எல்லாம் அட்மிஷன் லெட்டர்லயே இத்தனைக்குக் கீழ போகக்கூடாதுன்னு நிபந்தனை எழுதித்தான் கொடுக்குது. அந்த யுனிவர்சிட்டி ஜி.பி.ஏ.ல ஏ.பி. கிளாஸுக்குக் கொடுக்கிற கூடுதல் பாயின்ட் கூட கிளாஸ் கிரேடுக்குத்தான், எக்ஸாம்ல 1 வாங்கினாலும் அது குறையாது.

சேர்ற காலேஜ் முடிவாயிடுச்சு, இப்ப எல்லாத்தையும் அனுப்புறதால ஏதாவது நஷ்டம் உண்டா?

நஷ்டம்னு எனக்கு எதுவும் தெரியல. இந்தக் கட்டத்துல குறைஞ்ச ஸ்கோருக்கு கிரெடிட் வராது, அவ்வளவுதான், யாரும் அதை வச்சு எதுவும் பண்ணப் போறதில்ல. 10 டாலர் கட்டி நிறுத்தி வைக்கிறதெல்லாம் இப்ப தேவையே இல்லாத வேலை.

லாபம்தான் காலேஜுக்குக் காலேஜ் மாறுது. இல்லினாய்ஸ்ல அரசு காலேஜ்கள் 3 வாங்கினா கிரெடிட் கொடுக்கணும்னு 2016லேர்ந்து சட்டமே இருக்கு. டெக்சஸ் அரசு காலேஜ்களுக்கும் ஏறக்குறைய அதே விதிதான், விதிவிலக்கு சிலது உண்டு. ஃப்ளோரிடால ஏ.பி., ஐ.பி. மாதிரி வழிகள்ல மொத்தம் 45 கிரெடிட் வரைக்கும் வாங்கலாம், அது ஒண்ணரை வருஷப் படிப்பு, அந்த ஊர் காசுக்கு நல்ல சேமிப்பு. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி 3க்கே யூனிட் (அங்க கிரெடிட்டுக்கு அதான் பேர்) கொடுக்குது, ஆனா அது எந்தக் கோர்ஸுக்குப் பதிலா கழியும்ங்குறது கேம்பஸுக்குக் கேம்பஸ், டிபார்ட்மென்டுக்கு டிபார்ட்மென்ட் மாறும். அங்க அபிஷியல் ஸ்கோர் வந்து சேர ஜூலை 15 கடைசி, ஃப்ரீல அனுப்பியிருந்தா கவலையில்ல.

எம்.ஐ.டி.ல கால்குலஸ் பி.சி.ல 5 இருந்தா முதல் கால்குலஸ் கோர்ஸ் கழிஞ்சுடும், 4 இருந்தா கழியாது. டார்ட்மவுத் 2018ல பட்டம் வாங்குற பேட்ச்லேர்ந்து டிகிரிக்கு ஏ.பி. கிரெடிட் தர்றதையே நிறுத்திட்டாங்க, ஆனா மேல் கோர்ஸ்ல நேரா உக்காரவோ சில தேவைலேர்ந்து விலக்கு வாங்கவோ ஸ்கோர் உதவும். கால்டெக் ஏ.பி.க்கு கிரெடிட் தர்றதில்ல, அவங்களே ஒரு தேர்வு வச்சு எந்த கோர்ஸ்ல உக்காரணும்னு பாத்துப்பாங்க. அப்போ அங்க சேர்றவங்க அனுப்பி என்ன பிரயோஜனம்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்லதான், ஃப்ரீயா போறதுன்னா போகட்டும். காலேஜ் பேரைப் போட்டு எந்த ஸ்கோருக்கு என்ன கிரெடிட்னு தேடுற வசதி காலேஜ் போர்டு சைட்லயே இருக்கு, அதைப் பாத்துட்டு காலேஜோட சொந்தப் பக்கத்துலயும் ஒரு தடவை சரிபாருங்க, ரெண்டும் வேறயா இருந்தா காலேஜ் பக்கம் சொல்றதுதான் செல்லும்.

கிரெடிட் வந்தா கட்டாயம் எடுத்துக்கணுமா? பொண்ணு மெடிசின் போகணும்ங்குறா.

மெடிசின்னா உஷாரா இருக்கணும். பயாலஜி, கெமிஸ்ட்ரி மாதிரி முன்தேவைப் பாடங்களுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏத்துக்காத மெடிக்கல் ஸ்கூல் நிறைய இருக்கு, காலேஜ்லயே கிரேடோட படிச்சிருக்கணும்னு கேப்பாங்க, இல்லேன்னா அதே துறைல மேல் கோர்ஸ் எடுத்துக் காட்டணும்பாங்க. அதனால ஸ்கோரை அனுப்புங்க, ஆனா பயாலஜி கோர்ஸைத் தாண்டிடலாமாங்குறதை காலேஜ்ல இருக்குற ப்ரீமெட் அட்வைசர்கிட்ட கேக்காம முடிவு பண்ணாதீங்க.

ஒரு விஷயத்தை மட்டும் முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. கிரெடிட் கிடைச்ச அதே கோர்ஸைத் திரும்ப எடுத்தா பல காலேஜ்ல ஏ.பி. கிரெடிட்டை எடுத்துடுவாங்க, ஒரே பாடத்துக்கு ரெண்டு தடவை கிரெடிட் தர மாட்டாங்க. எஞ்சினியரிங் பிள்ளைங்களுக்கும் இதே யோசனை வரும், பி.சி.ல 5 வாங்கிட்டு நேரா மூணாவது கால்குலஸ்ல உக்காந்து தடுமாறுறவங்களும் உண்டு, ஜாலியா போறவங்களும் உண்டு. அந்த காலேஜோட பழைய ஃபைனல் எக்ஸாம் பேப்பர் கிடைச்சா கோடை லீவுல பிள்ளையை உக்காந்து போட்டுப் பாக்கச் சொல்லுங்க, பாதி தெரியலேன்னா திரும்பப் படிக்கட்டும்.

கிரெடிட் நிறைய இருந்தா சீக்கிரம் மேஜர் (எந்தத் துறைல டிகிரின்னு) சொல்லு, சீக்கிரம் வெளிய போன்னு தொரத்துவாங்களா?

கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில அப்படி இல்ல, ஏ.பி. யூனிட்டால மேஜரைச் சீக்கிரம் சொல்லணும், சீக்கிரம் முடிக்கணும்னு கட்டாயம் கிடையாதுன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. மத்த இடங்கள்ல கோர்ஸ் பதிவு வரிசையை யூனிட் கணக்கை வச்சுப் பிரிக்கிற காலேஜ் நிறைய, அங்க ஏ.பி. யூனிட்டும் கணக்குல வந்தா முன்னாடியே பதிவு பண்ணி நல்ல புரொபசர் கிளாஸைப் பிடிச்சுடலாம். உதவித்தொகை இத்தனை யூனிட் வரைக்கும்தான்னு வரம்பு இருந்தா மட்டும் ஏ.பி. யூனிட் அதுல சேருமான்னு கேட்டுக்குங்க.

கால்குலஸ்ல AB, BC (பி.சி.)னு இருக்குற ரெண்டு எக்ஸாமையும் எழுதினா டபுள் கிரெடிட்டா?

கிடையாது. ABல இருக்குற பாடம் பூரா பி.சி.க்குள்ள இருக்கு, பி.சி. எழுதினாலே AB பகுதிக்குத் தனியா ஒரு உப ஸ்கோர் வரும், பி.சி.ல 3, உள்ள AB பகுதில 4 மாதிரி. சில காலேஜ் அந்த உப ஸ்கோருக்கும் கிரெடிட் தருது.

போன வருஷம் 2, இந்த வருஷம் திரும்ப எழுதி 4. பழசு போயிடும்ல?

போகாது, ரிப்போர்ட்ல ரெண்டும் இருக்கும். காமன் ஆப்ல 4ஐ மட்டும் போட்டுக்கலாம். சேர்ந்த காலேஜ் எதுல கிரெடிட் வருதோ அதைத்தான் எடுத்துக்கும்.

அப்போ அந்த 2ஐ கேன்சல் பண்ணிட்டா சுத்தமா இருக்குமே?

பண்ணாதீங்க. நிறுத்தி வைக்கிறதுக்கும் கேன்சலுக்கும் உள்ள வித்தியாசம் மேல சொல்லியிருக்கேன். அப்ளிகேஷன்ல போடலேன்னா காலேஜுக்கு அது தெரியப் போறதில்ல, சேர்ந்தப்புறம் தெரிஞ்சா ஒண்ணும் ஆகப் போறதில்ல, நடுவுல அதை அழிக்கிறதால யாருக்கு என்ன லாபம்? எல்லா ஸ்கோரையும் கேக்குற காலேஜ் ஒண்ணை உயிரா நினைச்சு, அதுக்கு ஏ.பி.யைத் தவிர கொடுக்க வேற எதுவுமே இல்லேன்னா ஒருவேளை யோசிக்கலாம், அந்த நிலைமைல கூட அந்த காலேஜ் விதியை வரி வரியா படிச்சுட்டு, கவுன்சிலர்கிட்ட பேசிட்டுப் பண்ணுங்க. ஜூலைல ஸ்கோர் பாத்த அன்னிக்கு ராத்திரி அழுதுக்கிட்டே ஃபார்மை பிரிண்ட் பண்ற பிள்ளையைக் கண்டா பிரிண்டரை ஆஃப் பண்ணிடுங்க.

அனுப்பியாச்சு, காலேஜ் போர்டுல போயிடுச்சுன்னு காட்டுது, காலேஜ்ல வரவே இல்லேங்குறாங்க. யார் சொல்றது சரி?

நம்ம ஜனங்களுக்கு இது கொஞ்சம் அதிகமாவே நடக்குது, காரணம் பேரு. பாஸ்போர்ட்ல முத்துக்குமார் கடைசிப் பேர், சரவணன் முதல் பேர்னு இருக்கும், ஸ்கூல்ல சேக்கும்போது அதையே மாத்திப் போட்டிருப்பாங்க, ஏ.பி. ரிஜிஸ்ட்ரேஷன்ல பையன் ஃப்ரண்ட்ஸ் கூப்பிடுற மாதிரி 'சரவ்'னு அடிச்சிருப்பான், காமன் ஆப்ல பாஸ்போர்ட் பேர். காலேஜ் கம்ப்யூட்டர் பேரையும் பிறந்த தேதியையும் வச்சுத்தான் சேக்குது, ரெண்டுல ஒண்ணு இடிச்சா ஸ்கோர் யாருக்கும் சொந்தமில்லாம ஒரு ஓரமா கிடக்கும். இனிஷியல் மட்டும் வச்சிருக்குறவங்க, ஒத்தைப் பேர்க்காரங்க எல்லாம் இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்.

முதல்ல காலேஜ் அட்மிஷன் ஆபீஸுக்கோ ரெஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கோ எந்தப் பேர்ல, எந்த பிறந்த தேதில, எந்த தேதி அனுப்பினதுன்னு எழுதி, காலேஜ்ல கொடுத்த ஸ்டூடன்ட் நம்பரையும் சேத்து மெயில் போடுங்க, தேடி எடுத்து ஒட்டிடுவாங்க. ரெண்டாவது காரணம் ரெண்டு அக்கவுன்ட். நைன்த்ல ஒரு மெயில்ல அக்கவுன்ட் ஆரம்பிச்சுட்டு பாஸ்வேர்டு மறந்து லெவன்த்ல இன்னொண்ணு ஆரம்பிச்சிருந்தா பாதி ஸ்கோர் அதுல, மீதி இதுல இருக்கும், ரிப்போர்ட்ல மூணு எக்ஸாம் காணாம போகும். காலேஜ் போர்டுக்கு போன் பண்ணி ரெண்டையும் ஒண்ணா சேக்கச் சொல்லணும், ஜூலைல போன் லைன் கிடைக்கவே நேரம் ஆகும், அதனால மே மாசமே பிள்ளை அக்கவுன்ட்ல பழைய ஸ்கோர் எல்லாம் தெரியுதான்னு பாத்துடுங்க. மேக்கப் எக்ஸாம் (முதல் தேதியைத் தவற விட்டவங்களுக்குப் பின்னாடி நடத்துறது) எழுதினவங்களுக்கு மட்டும் ஸ்கோர் மத்தவங்களை விட லேட்டா வரலாம், அதுக்குப் பதற வேண்டாம்.

ஒரு இடத்துல டெபாசிட் கட்டியாச்சு, ஆனா ஆசைப்பட்ட காலேஜ்ல வெயிட்லிஸ்ட் (காத்திருப்புப் பட்டியல்). ஜூன் 20 ஃப்ரீயை எந்த காலேஜுக்குக் கொடுக்குறது?

டெபாசிட் கட்டின இடத்துக்கு. வெயிட்லிஸ்ட்ல இருக்குற காலேஜுக்கு ஸ்கோர் ஜூலைலதான் போகும், அதுக்குள்ள அவங்க பெரும்பாலும் முடிவு பண்ணி முடிச்சிருப்பாங்க, அதனால அங்க அனுப்புறது சீட் வாங்க உதவாது. போன வருஷ ஸ்கோர் அப்ளிகேஷன்ல போட விட்டுப்போயிருந்தா அதை வெயிட்லிஸ்ட் லெட்டர்ல ஒரு வரில சொல்லிக்கலாம்.

ஜூன் 20க்கு முன்னாடி வெயிட்லிஸ்ட்லேர்ந்து கூப்பிட்டுட்டாங்கன்னா அக்கவுன்ட்ல போய் காலேஜ் பேரை மாத்திடுங்க, காசு கிடையாது. அதுக்கப்புறம் கூப்பிட்டா 15 டாலர் கட்டி தனியா அனுப்பணும். இவ்வளவு டியூஷன் கட்டப் போறோம், அந்த 15 டாலருக்காக முன்கூட்டியே ரெண்டு இடத்துக்கும் அனுப்பி வைக்க வேண்டாம்.